சூடான வியாழன்களை அளக்க ஏஎஸ்ஐ533எம்எம் ப்ரோ: பெங்களூரு மொட்டை மாடிக்கான மதிப்புரை

சிங்க ராசிக்குத் தெற்கே, வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்மீன் இருக்கிறது. பெயர் வாஸ்ப்-43, பொலிவெண் 12.4 (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). சுமார் 19.5 மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் வெளிச்சம் 2.5 சதவீதம் குறையும்; ஏறக்குறைய 70 நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 2011-ல் கண்டுபிடிக்கப்பட்ட வாஸ்ப்-43பி என்ற கோள், தன் தாய் விண்மீனின் முகத்தைக் கடந்து போவதுதான் காரணம்; இதற்குப் பெயர் கடப்பு. வியாழன் அளவுள்ள கோள் அது. விண்மீனை ஒட்டிக்கொண்டு சுற்றுவதால் கொதிக்கும் கோள்; இந்த வகையைத்தான் சூடான வியாழன் என்பார்கள். அந்த 2.5 சதவீதப் பள்ளத்தைப் பெங்களூரின் நடுவிலிருந்து, 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியில், இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎஸ்ஐ533எம்எம் ப்ரோ கேமராவால் ஒழுங்காகப் பதிவு செய்ய முடியுமா என்பதுதான் இந்த மதிப்புரையின் கேள்வி. நெபுலா படம் எடுக்க இது எப்படி என்று ஏராளமானோர் எழுதிவிட்டார்கள். இங்கே பார்ப்பது ஒளியளவு, அதாவது விண்மீனின் வெளிச்சத்தை எண்ணால் அளப்பது மட்டும்.

முடியும், நன்றாகவே முடியும். ஆனால் விளம்பரத்தில் முதலில் சொல்லப்படும் காரணங்களால் அல்ல.

கேமராவுக்குள் இருப்பது சோனியின் ஐஎம்எக்ஸ்533 கருப்பு-வெள்ளை சென்சார். 3008 × 3008 பிக்சல், ஒவ்வொன்றும் 3.76 மைக்ரான், பக்கத்துக்கு 11.3 மில்லிமீட்டர் கொண்ட சதுரம். ஒரு பிக்சல் சுமார் 50,000 எலக்ட்ரான் வரை தாங்கும். 14 பிட் எண்ணாக்கம். சூழல் வெப்பநிலையிலிருந்து 35 டிகிரி வரை கீழே இறக்கும் குளிரூட்டி. பழைய சிமாஸ் கேமராக்களில் படத்தின் ஓரத்தில் பூதம் போல எழும்பும் ஆம்ப் குளோ இதில் கிடையாது. ஒளியளவுக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிய நிம்மதி. சென்சாரின் ஒரு மூலை மட்டும் தனியாக ஒளிர்ந்தால், அங்கே விழும் ஒப்பீட்டு விண்மீனை (இலக்கோடு ஒப்பிட எடுக்கும், வெளிச்சம் மாறாத விண்மீன்) நம்பவே முடியாது.

எல்லோரும் புகழும் குணம் இதன் குறைந்த வாசிப்பு இரைச்சல், அதாவது பிக்சலைப் படிக்கும்போது மின்சுற்றே சேர்க்கும் பிழை. கெயினை (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) 100-ல் வைத்தால் அது 1.5 எலக்ட்ரான் அளவுக்கு இறங்கும், கெயின் 0-ல் 3.5 பக்கம் நிற்கும். எனவே பெரும்பாலோர் யோசிக்காமல் 100-ல் வைக்கிறார்கள். கடப்பு அளக்க அது தவறான தேர்வு. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 செ.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தூரம் கொண்ட நியூட்டோனியன். ஒரு பிக்சலுக்கு 0.78 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு). சிவப்பு ஃபில்ட்டரில் 12 பொலிவெண் உள்ள விண்மீன். வளிமண்டலம், கண்ணாடிகள், ஃபில்ட்டர், சென்சார் எல்லாம் சேர்ந்து 40 சதவீத ஒளியைத்தான் எலக்ட்ரானாக மாற்றுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 வினாடி எக்ஸ்போஷரில் விண்மீனிலிருந்து ஒரு லட்சம் எலக்ட்ரான் கிடைக்கும். நகர வானம் சதுர வில்விநாடிக்கு 18 பொலிவெண் என்றால், அதே 60 வினாடியில் ஒவ்வொரு பிக்சலிலும் வானம் மட்டுமே சுமார் 280 எலக்ட்ரானைக் கொட்டும். விண்மீனைச் சுற்றிப் போடும், 8 பிக்சல் ஆரமுள்ள அளவு வட்டத்தில் 201 பிக்சல். வானத்தின் பங்கு 56,000 எலக்ட்ரான். வாசிப்பு இரைச்சலின் பங்கு, கெயின் 0-ல்கூட, இந்தக் கணக்கில் சுமார் 2,500 தான். எல்லாவற்றையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்த இரைச்சல் 398, அதாவது விண்மீனின் ஒளியில் ஆயிரத்தில் 4 பங்கு. கெயினை 100-க்கு மாற்றினால் 395. மொத்த இரைச்சலில் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை.

அதற்காகக் கொடுக்கும் விலை என்ன? கெயின் 100 என்றால் 10 டெசிபெல், அதாவது 3.16 மடங்கு. பிக்சலின் 50,000 எலக்ட்ரான் கொள்ளளவு 16,000-க்குள் சுருங்கிவிடும். இலக்கை விட இரண்டு மூன்று பொலிவெண் பிரகாசமான நல்ல ஒப்பீட்டு விண்மீன் படத்தில் இருந்தால், முதலில் நிரம்பி வழிவது அதுதான். ஆகவே கடப்புக்கு கெயின் 0. இந்தக் கேமராவின் உண்மையான பலம் அந்த ஆழமான கிணறும், இரவு முழுக்க அசையாமல் நிற்கும் அதன் சீரான போக்கும்.

அதே கணக்கிலிருந்து இன்னொரு விஷயமும் கிடைக்கிறது. நகரத்தை விட்டு ஓசூர் தாண்டித் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய், வானம் 2.5 பொலிவெண் இருட்டாக, அதாவது பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் கிடைத்தால் என்ன ஆகும்? நகரில் ஒரு புள்ளிக்கு ஆயிரத்தில் 4 பங்காக இருந்த பிழை 3.3 ஆகும். அவ்வளவுதான். 12 பொலிவெண் விண்மீனுக்காகப் பேட்டரியும் மவுண்ட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. அல்சூரோ இந்திராநகரோ, வீட்டு மாடியே போதும். 14 பொலிவெண் என்றால் கதை வேறு. நகரில் ஆயிரத்தில் 17, வெளியே 10. அங்கே பயணம் பலன் தரும்.

குளிரூட்டியும் இப்படித்தான். மைனஸ் 10, மைனஸ் 20 என்று இறக்குவதில் பெருமை ஒன்றும் இல்லை. 0 டிகிரியிலேயே இந்தச் சென்சாரின் சாதாரண பிக்சலில் 60 வினாடி இருட்டு மின்னோட்டம் (ஒளியே இல்லாமல் வெப்பத்தால் சேர்வது) ஓர் எலக்ட்ரானை எட்டாது. வானமோ 280 கொடுக்கிறது. பெங்களூரில் ஏப்ரல் முன்னிரவில் மாடி 27 டிகிரியில் நிற்கும்போது மைனஸ் 10 கேட்டால் குளிரூட்டி முழு மூச்சில் ஓடியும் எட்டாது. வெப்பநிலை மேலும் கீழும் ஆடும். வருஷம் முழுக்க 0 டிகிரி என்று ஒரே எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியிலும் அதுதான், ஏப்ரலிலும் அதுதான். டார்க் படங்களை (மூடி போட்டு எடுத்து, வானப் படத்திலிருந்து கழிப்பவை) ஒரு தடவை 50 எடுத்து வைத்தால் ஆறு மாதத்துக்குக் கவலை இல்லை. ஆனால் டார்க்கின் எக்ஸ்போஷர், கெயின், ஆஃப்செட் (எல்லா எண்களோடும் கேமரா கூட்டும் அடிப்படை மதிப்பு) மூன்றும் வானப் படத்தோடு அப்படியே பொருந்த வேண்டும். 120 வினாடி டார்க்கைப் பாதியாக்கி 60-க்குப் பயன்படுத்தும் பழக்கம் வேண்டாம். இந்த வகைச் சென்சாரில் சில பிக்சல்கள் நினைத்த நேரத்தில் இரண்டு மதிப்புகளுக்கு இடையே தாவும். கழித்தல் சரியாக இருந்தாலும் அவை போகாது. இலக்கு விண்மீன் அப்படிப்பட்ட ஒரு பிக்சலின் மேல் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் தொலைநோக்கியை 20 பிக்சல் நகர்த்திவிட்டுத் தொடங்குங்கள்.

இனி வாங்கியவர்களில் பலர் கவனிக்காமல் விடும் ஓர் இடம். படத்தைத் திறந்து பிக்சல் மதிப்புகளைத் தனித்தனியாகப் படியுங்கள். 1,204, 1,208, 1,216, 1,196. எல்லாமே நாலின் மடங்கு. 1,205 என்றோ 1,207 என்றோ ஓர் எண்ணும் வராது. 14 பிட் எண்ணை 16 பிட் கோப்பில் நிரப்ப டிரைவர் நாலால் பெருக்கி எழுதுகிறது. உச்ச மதிப்பும் 16,383 அல்ல, 65,532. இதில் தவறு எதுவும் இல்லை. சிக்கல் வருவது ஆய்வு மென்பொருளில். கெயின் 0-ல் ஒரு 14 பிட் எண்ணுக்கு 3.05 எலக்ட்ரான் என்பதைப் பார்த்து அதையே ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே அமைப்பில் இட்டால் தப்பு. கோப்பில் உள்ள எண்ணுக்கு 3.05-ஐ நாலால் வகுத்து, 0.76 என்று கொடுக்க வேண்டும். 3.05 கொடுத்தால் மென்பொருள் உண்மையில் வந்ததைப் போல நான்கு மடங்கு ஒளி வந்ததாக நினைத்துப் பிழைக்கோடுகளைப் பாதியாக வரையும். புள்ளிகள் சிதறிக் கிடக்கும், கோடுகளோ குட்டையாக இருக்கும், பொருத்தத்தின் கை-வர்க்கம் (1 பக்கம் இருந்தால் நல்ல பொருத்தம்) 4 பக்கம் போய் நிற்கும். கேமரா மேலோ காற்று மேலோ பழி போடுவதற்கு முன் இந்த எண்ணைச் சரிபாருங்கள்.

குவியத்தைக் கலைத்து விண்மீனைப் பரப்பச் சொல்லும் அறிவுரை எங்கும் உண்டு. இருட்டான மலையுச்சியில் அது சரி. நகரத்தில் அளவாகத்தான் செய்ய வேண்டும். விண்மீன் பரவப் பரவ அளவு வட்டம் பெரிதாகும், வானம் உள்ளே வரும். 8 பிக்சல் ஆரத்தை 12 ஆக்கினால் வானத்தின் பங்கு 56,000-லிருந்து 1,26,000 ஆகிறது. பிழை 4-லிருந்து 4.8. எனவே வாஸ்ப்-43 போன்ற 12 பொலிவெண் இலக்குக்குப் பாதி உச்ச அகலம் 5, 6 பிக்சல் போதும். அதாவது குவியத்தை ஒரு சிட்டிகை தள்ளினால் சரி. அதையும் இரவு முழுக்க மாறாமல் வைத்திருக்க வேண்டும், நடுவில் தானியங்கிக் குவியம் ஓடவே கூடாது. அது ஓடிய இடத்தில் லைட் கர்வ் (நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) படிக்கட்டு மாதிரி ஒரு படி இறங்கும். மென்பொருள் அதையும் கோளாக நினைத்துப் பொருத்தப் பார்க்கும்.

பிரகாசமான விண்மீன் என்றால் நேர்மாறு. டம்பெல் நெபுலாவுக்கு அருகே உள்ள எச்டி 189733-க்குப் பொலிவெண் 7.7. அதன் கோள் 2.2 நாளுக்கு ஒரு முறை, சுமார் 1.8 மணி நேரம், 2.4 சதவீதம் மறைக்கும். 20 வினாடி எக்ஸ்போஷரில் 6 பிக்சல் அகலத்தில் வைத்தால் நடு பிக்சல் கொள்ளளவை முட்டும். 14 பிக்சலுக்குப் பரப்பினால் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இங்கே எதிரி வானமும் அல்ல, கேமராவும் அல்ல. காற்றில் ஏற்படும் மினுக்கல். பெங்களூரின் 920 மீட்டர் உயரத்தில், 20 செ.மீ. திறப்பில், காற்றுத் தடிமன் 1.2 (நேர் உச்சியில் 1) என்றால் 20 வினாடிப் படத்தில் மினுக்கலால் வரும் பிழை ஆயிரத்தில் 2.4. ஃபோட்டான் பிழை அதில் மூன்றில் ஒரு பங்குதான். நீளமான எக்ஸ்போஷர்தான் மருந்து, நீளமான எக்ஸ்போஷருக்கு ஆழமான கிணறு வேண்டும். மறுபடியும் அதே கெயின் 0.

ஆனால் எச்டி 189733 இந்தக் கேமராவின் பலவீனத்தைத் தொடும் இலக்கும்கூட. 1000 மி.மீ. குவியத் தூரத்தில் சதுரச் சென்சாருக்குள் அடங்குவது 39 வில்நிமிடம். 12 பொலிவெண் விண்மீனுக்கு அந்தப் பரப்பில் ஒப்பீட்டு விண்மீன்கள் தாராளமாகக் கிடைக்கும். 8 பொலிவெண்ணுக்கு அதே பிரகாசமும் அதே நிறமும் கொண்ட துணை அவ்வளவு சிறிய சதுரத்துக்குள் அமைவது அரிது. இலக்கை விட மங்கலான எட்டுப் பத்தைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். இந்த விஷயத்தில் ஏஎஸ்ஐ2600எம்எம் ப்ரோ தெளிவாக மேல்: அதே 3.76 மைக்ரான் பிக்சல், அதே கொள்ளளவு, 16 பிட், 23.5 × 15.7 மி.மீ. பரப்பு. விலையும் ஏறக்குறைய இரு மடங்கு. ஃபில்ட்டரும் பெரிதாக வேண்டும். 533-க்கு ஒன்றேகால் அங்குல ஃபில்ட்டரே போதும், அதில் மிச்சமாகும் பணத்தில் நல்ல ஒளியளவு ஃபில்ட்டர் ஒன்று வாங்கிவிடலாம். 10-லிருந்து 13 பொலிவெண் வரையுள்ள சூடான வியாழன்களே உங்கள் வேலை என்றால் 533 போதும். பெரியதற்குச் செலவழிக்க வேண்டாம்.

எச்டி 189733-ல் பெங்களூருக்காரர்களுக்கு இன்னொரு தடை: அது உச்சியில் நிற்கும் மாதங்கள் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். தென்மேற்குப் பருவமழை வானத்தை மூடிக்கொண்டிருக்கும். நமக்குக் கிடைக்கும் வானம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. டிசம்பர், ஜனவரியில் ஆரிகா விண்மீன் குழுவில் உள்ள வாஸ்ப்-12; பள்ளம் 1.4 சதவீதம்தான், 3 மணி நேரம் நீளும், முன்னும் பின்னும் சேர்த்தால் நாலரை மணி நேர வேலை. அதன் கோள் ஆண்டுக்கு சுமார் 29 மில்லி வினாடி வீதம் சுற்றுக்காலம் குறைந்து, விண்மீனை நோக்கிச் சுருண்டு விழுந்துகொண்டிருக்கிறது. பிப்ரவரியிலிருந்து வாஸ்ப்-43. அது பெங்களூரில் 67 டிகிரி உயரம் வரை ஏறும். கடப்பு 13 நாளுக்கு ஒரு முறை ஏறக்குறைய அதே கடிகார நேரத்தில், 22 நிமிடம் மட்டும் தள்ளித் திரும்ப வரும். ஒரு சனிக்கிழமை இரவு 10 மணிக்குப் பிடித்தால் அடுத்தது இரண்டாம் வார வெள்ளிக்கிழமை 10.22-க்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான கோள் இல்லை.

ஃபில்ட்டரைப் பற்றி. கருப்பு-வெள்ளைக் கேமராவை ஃபில்ட்டர் இல்லாமல் ஓட்டினால் ஒளி அதிகம் கிடைக்கும் என்ற ஆசை வரும். விட்டுவிடுங்கள். விண்மீன் இறங்க இறங்கக் காற்று நீலத்தை அதிகமாகத் தின்னும். வாஸ்ப்-43 சிவந்த கே வகை விண்மீன், பக்கத்து ஒப்பீட்டு விண்மீன் வெண்மையாக இருந்தால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் மங்கும். விளைவு, கடப்பின் மேல் ஒரு சாய்வு. சிவப்பு ஃபில்ட்டர் போட்டு, நிறம் ஒத்த ஐந்திலிருந்து எட்டு ஒப்பீட்டு விண்மீன்களை எடுத்தால் அந்தச் சாய்வு பெரும்பாலும் போய்விடும். தெருவிளக்குகள் வெள்ளை எல்இடி ஆன பிறகு, 700 நானோமீட்டருக்கு மேலே நகர வெளிச்சம் மிகவும் குறைவு. அந்த அலைநீளத்தில் சென்சாரின் திறனும் இறங்குகிறது என்றாலும், நடு நகரத்தில் அகச்சிவப்பை ஒட்டிய ஐ ஃபில்ட்டரை ஒரு இரவு முயன்று ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் போகாது.

ஃபிளாட் (தூசி, ஓர மங்கலைத் திருத்தச் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) எடுப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். ஃபிளாட்டில் சராசரி மதிப்பு 28,000 இருக்கட்டும். அது பிக்சலுக்கு 21,000 எலக்ட்ரான். 40 படம் சேர்த்தால் ஒரு பிக்சலின் பிழை ஆயிரத்தில் ஒன்று. எல்இடி பலகையை மங்கவைத்துப் பயன்படுத்தினால், அது வினாடிக்குப் பல நூறு முறை அணைந்து எரிவது இந்தச் சென்சாரின் வரிசை வரிசையான வாசிப்பில் கோடு கோடாகப் பதியும். பலகையை முழு வெளிச்சத்தில் விட்டு, மேலே நாலைந்து வெள்ளைத் தாள் அடுக்கி, எக்ஸ்போஷரை 2, 3 வினாடிக்குக் கொண்டுவாருங்கள்; கோடு மறைந்துவிடும். ஃபிளாட் எடுத்து முடியும்வரை கேமராவைக் கழற்றவோ சுழற்றவோ கூடாது. ஃபில்ட்டர் மேல் உள்ள ஒரு தூசியின் வளையம் நாலு பிக்சல் நகர்ந்தாலே திருத்தம் தலைகீழாகி, தூசி இல்லாத இடத்தில் பள்ளம் தோண்டும். அதே காரணத்துக்காக வழிநடத்தலும் கெட்டியாக இருக்க வேண்டும். இரவு முழுக்க விண்மீன் 3 பிக்சலுக்குள் நின்றால் ஃபிளாட்டின் மிச்சப் பிழைகள் தெரியாது. 50 பிக்சல் நழுவினால் லைட் கர்வில் அலை அலையாகத் தெரியும்.

மவுண்ட்டை வடக்கே நிறுத்துவது நம் அட்சரேகையில் தனிப் பாடு. துருவ விண்மீன் 13 டிகிரி உயரத்தில் இருக்கிறது. எதிர் அடுக்குமாடிக் கட்டடம் அதை மறைத்திருக்கும். நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறை வானத்தின் எந்தப் பகுதியிலும் வேலை செய்யும், துருவ விண்மீன் தெரிய வேண்டியதில்லை. இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் எடைத்தண்டு முக்காலியின் காலில் இடிக்க வாய்ப்பு உண்டு. பகலிலேயே முழுச் சுற்றும் சுற்றிப் பார்த்துவிடுங்கள். விண்மீன் உச்சியைக் கடக்கும்போது மவுண்ட் தொலைநோக்கியை மறுபக்கத்துக்குத் திருப்பும் புரட்டல், கடப்பின் நடுவில் வரும் இரவு என்றால், மென்பொருளில் புரட்டல் நேரத்தைக் கொடுத்து இரு பக்கத்துக்கும் தனி அடித்தளம் பொருத்த வேண்டும். முடிந்தால் வேறு இரவைத் தேர்ந்தெடுங்கள். தொலைநோக்கியை வைக்கும் இடமும் முக்கியம். ஏசியின் வெளி யூனிட்டுக்கு மேலே பார்க்காதீர்கள். வெயிலில் காய்ந்த கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீர்த் தொட்டியின் சுவரும் அப்படியே.

கேமராவின் மின்சாரத் தேவை 12 வோல்ட், 3 ஆம்பியர். 5 ஆம்பியர் அடாப்டர், தடித்த குட்டை ஒயர். மெல்லிய ஒயரில் அழுத்தம் விழுந்து, குளிரூட்டி திடீரென்று நிற்கும். படத்தில் எதுவும் தெரியாது, டார்க் மட்டும் பொருந்தாமல் போகும். யுஎஸ்பி ஒயர் 3 மீட்டருக்கு மேல் என்றால் நடு இரவில் இணைப்பு அறுவது வழக்கம். சிறிய கணினி ஒன்றைத் தொலைநோக்கியின் காலடியிலேயே வைத்து, வீட்டுக்குள்ளிருந்து வைஃபையில் பார்ப்பது சிரமமில்லாத வழி. கணினி, மவுண்ட், கேமரா மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். ஒரு படம் 18 எம்பி. மூன்று மணி நேரத்தில் 170-க்கு மேற்பட்ட படம், 3 ஜிபி. இந்தக் கேமரா ஒரு வினாடிக்குள் படத்தை இறக்கிவிடுவது பெரிய லாபம். பழைய சிசிடிகள் ஒவ்வொரு படத்துக்கும் பத்து இருபது வினாடி வாசிப்பிலேயே தொலைத்தன.

நேரம் இந்தக் கேமராவில் சொந்தமாக இல்லை. ஜிபிஎஸ் கிடையாது, கணினியின் கடிகாரத்தையே எழுதுகிறது. விண்டோஸின் தானாகச் சரிசெய்யும் வசதியை மட்டும் நம்பாமல், இணையம் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் தனி என்டிபி நிரல் போட்டு, பதிவு தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடிக்குள் இருந்தால் போதும். கோப்பில் எழுதப்படுவது உலகப் பொது நேரம், படத்தின் தொடக்க நேரம். நம் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம் என்பதை மறந்தால் கடப்பே இல்லாத இடத்தில் தேடுவோம். சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு நேரத்தை மாற்றும்போது 8 நிமிடத்துக்கு மேல்கூட வித்தியாசம் வரும். அதோடு உலகப் பொது நேரத்தை வானியல் கணக்கு நேரமாக்க, இன்றைய நிலையில் 69.184 வினாடிச் சேர்க்கை. இரண்டையும் ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே தானே செய்யும், இடத்தின் அட்ச தீர்க்க ரேகையும் வானில் விண்மீனின் ஆயத்தொலைவுகளும் சரியாக இருந்தால். இந்தக் கருவித் தொகுதியில் வாஸ்ப்-43பி-யின் நடு நேரம் ஒரு நிமிடத்துக்குள் கிடைக்க வேண்டும். ஐந்து நிமிடம் தள்ளி வந்தால் புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ள வேண்டாம்; முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

நம் ஊர் வரலாறே இதற்குச் சாட்சி. இன்று கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் மையத்தின் வேர், நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகம். அங்கே கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப் 1855-லேயே 70 ஓஃபியூக்கி இரட்டை விண்மீனின் பாதையில் ஒரு பிசகைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இருக்கலாம் என்று எழுதினார். சூரியனுக்கு அப்பால் கோள் உண்டு என்று அளவீட்டின் பலத்தில் சொன்ன ஆரம்பக் குரல்களில் அது ஒன்று. பின்னாளில் அந்தக் கோள் நிலைக்கவில்லை. உண்மையான முதல் கடப்பு 1999-ல் எச்டி 209458 விண்மீனில் அளக்கப்பட்டது. அதை அளந்த கருவிகளில் ஒன்றின் விட்டம் வெறும் 10 சென்டிமீட்டர். பெங்களூரு மாடியில் நிற்கும் தொலைநோக்கி அதைவிட இரண்டு மடங்கு அகலம்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். கலர் வகையான எம்சி-யை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்க அவசரப்பட வேண்டாம். பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்து அளந்தால் 11 பொலிவெண் வரை கௌரவமான லைட் கர்வ் கிடைக்கும். புதிதாக வாங்குபவர்களுக்கு எம்எம் தான். இரண்டாவது, 2800 மி.மீ. குவியத் தூரமுள்ள 11 அங்குல ஷ்மிட்-காசெகிரெய்ன் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. பிக்சலுக்கு 0.28 வில்விநாடி, பார்வைப் பரப்பு 14 வில்நிமிடம். ஒப்பீட்டு விண்மீனே அகப்படாது. குவியச் சுருக்கி போட்டே ஆக வேண்டும். நியூட்டோனியனில் கோமா திருத்தி (ஓர விண்மீன்களின் வாலை நீக்கும் லென்ஸ்) போடுபவர்கள், அதிலிருந்து சென்சார் வரை வேண்டிய 55 மி.மீ. பின்தூரத்தைக் கேமராவின் 17.5 மி.மீ.-லிருந்து கணக்கிட்டு வளையங்களை வாங்குங்கள். மழைக்காலத்தில் கேமராவை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். குளிரூட்டும்போது படத்தின் நடுவில் மங்கல் வட்டம் தோன்றினால் உள்ளே ஈரம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். உலர்த்தியை மாற்றும்வரை பதிவு வேண்டாம்.

பதிவு செய்த இரவுக்கு மதிப்பு வர, அதை எக்ஸோக்ளாக் திட்டத்துக்கோ, மாறும் விண்மீன் பார்வையாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓ-வின் புறக்கோள் தொகுப்புக்கோ அனுப்புங்கள். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ஏரியல் தொலைநோக்கிக்காகக் கடப்பு நேரங்களைப் புதுப்பித்து வைக்கும் வேலை எக்ஸோக்ளாக்கினுடையது. அங்கே ஏற்கப்பட, கடப்புக்கு முன்னும் பின்னும் தட்டையான பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். வாஸ்ப்-43பி இரவு 10 மணிக்கு நுழைகிறது என்றால் 9 மணிக்கே படம் ஓடத் தொடங்கட்டும், 11.10-க்கு வெளியேறிய பிறகு குறைந்தது முக்கால் மணி நேரம் தொடரட்டும். திரையில் வெளிச்சம் பழைய உயரத்துக்கு ஏறிவிட்டதைப் பார்த்ததும் மூடிவிடத் தோன்றும். 12 மணி வரை மூடியைத் தொடாதீர்கள்.